பட்டறைப் புகை உறிஞ்சி: கேள்வி பதில்

செல்போன் பழுது பார்ப்பவர்: சால்டரிங் புகையை இழுக்க 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் போதுமா?

ஃபேன் இருக்கட்டும், குழாயின் வாய் எங்கே இருக்கிறது? ஊதும் காற்று தூரம் பாயும். உறிஞ்சும் காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் வாயை விட்டு விலகியதுமே வலுவிழந்துவிடும். 4 அங்குலக் குழாயிலிருந்து 4 அங்குலம் தள்ளினால் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. 8 அங்குலத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். எனவே குழாய் வாயைப் புகை எழும் இடத்துக்கு நான்கு அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். அதைச் சுற்றித் தகரத்தில் அகலமான விளிம்பு வைத்தால் பின்னாலிருந்து வரும் வீண்காற்று தடைபடும். இழுக்க வேண்டிய காற்றில் கால் பங்கு குறையும். இப்படிச் செய்து, குழாயும் குட்டையாக இருந்தால் உங்கள் ஃபேன் சமாளிக்கும். நீண்ட குழாய், தடித்த வடிகட்டி என்றால் திணறும், புளோவர் வாங்குங்கள்.

மாணவர்: அந்தப் புகையில் ஈயம் இருக்கிறதா?

ஈயம் கொதிக்க 1,749 டிகிரி செல்சியஸ் வேண்டும்; உங்கள் சால்டரிங் முனை 350 டிகிரிதான். புகை வருவது சால்டரிங் பேஸ்டில் உள்ள பைன் பிசினிலிருந்து. அது ஆஸ்துமா தரும். ஈயம் விரல் வழியாக வாய்க்குப் போகும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மரவேலைக்காரர்: இதையே ஸ்ப்ரே பெயிண்டுக்கு வைக்கலாமா?

கூடாது. சாதாரண மோட்டாரின் ஒரு பொறி போதும், தின்னர் ஆவி பற்றிக்கொள்ளும்.

ரேடியோ ஆர்வலர்: 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். தூரத்தை அளந்துவிட்டு வாருங்கள்.

ஏசி போட்ட கடைக்காரர்: வெளியே தள்ளினால் குளிர்ச்சி போகிறது. ஹெப்பா வடிகட்டி போட்டு உள்ளேயே விடுகிறேன்.

ஹெப்பா துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. பிசின் புகையில் இரண்டும் உண்டு.

அதே கடைக்காரர்: 99.97 சதவீதம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதே!

அச்சிட்டது உண்மைதான். ஆனால் அது 0.3 மைக்ரான் துகளுக்கான கணக்கு. புகையில் உள்ள ஃபார்மால்டிஹைடு வாயு அதில் சேராது. வாயுவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், அதுவும் கனமான படுகையாக. கரி தடவிய மெல்லிய ஸ்பாஞ்சு சீக்கிரமே நிரம்பிவிடும், நிரம்பியது கண்ணுக்கும் தெரியாது. உங்கள் கடையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பையனின் நுரையீரலை எண்ணிப் பாருங்கள். குழாய் வாயைப் புகைக்குப் பக்கத்தில் வைத்தால் இழுக்க வேண்டிய காற்று குறையும். வெளியேறும் குளிர்ச்சியும் குறையும். சன்னல் இருக்கும்போது வடிகட்டியை நம்பாதீர்கள்.

லேசர் வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்: பிவிசி பிளாஸ்டிக் வெட்டலாமா?

வேண்டாம். ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். ஆளையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். தின்னர் ஸ்ப்ரேயும் இங்கே வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

புதியவர்: கம்ப்யூட்டர் ஃபேன் போதுமா?

மேலே இருக்கிறது.

வெல்டிங் கற்பவர்: ஃபேனைக் குழாயின் எந்த முனையில் மாட்டுவது?

இதைக் கேட்டதற்கு நன்றி. சன்னல் முனையில். அப்போது அறைக்குள் உள்ள குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கமாகிவிடும். இணைப்பில் ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர, புகை அறைக்குள் கசியாது. வெளி வாயை மழைக்காகக் கீழ்நோக்கித் திருப்புங்கள். எதிர்ப்பக்கக் கதவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், புதுக்காற்று நுழைய.