வரலாற்று ஆசிரியர் விடையைச் சொல்லாமல் "விவாதியுங்கள்" என்கிறாராம் என் மகள். இது பாடம் நடத்தும் முறையா?

உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். வர்ஜீனியாவில் அந்த வகுப்புக்குத்தான் நான் அமெரிக்க வரலாறு எடுக்கிறேன். "பிள்ளைகளைப் பேசவிட்டுவிட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்று நம்மூர்ப் பெற்றோர் சொல்லிக் காதாரக் கேட்டவள் என்பதால்தான் இந்தப் பதில்.

நான் கொடுக்கும் கேள்வி ஒன்று: அடிமைகளை விடுவித்தது லிங்கனா, அடிமைகளேவா? முதல் தாள், 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதிய கடிதம். ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது தென் மாநிலங்கள் பிரிந்துபோகாத ஒரே அமெரிக்காவை, காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்கிறார். வகுப்பு கொதிக்கும். அப்புறம் அடுத்த தாளைத் தருவேன்: அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் வாசித்துவிட்டவர் அவர். போன வருடம், அதுவரை வாயே திறக்காத பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்போ இந்தக் கடிதம் யார் படிக்கணும்னு எழுதினது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை அவர்களே மல்லுக்கட்டினார்கள்.

மூன்றாவது தாள் எங்கள் மாநிலத்துக் கதை. 1861 மே மாதம் மூன்று அடிமைகள் தப்பி, ஒன்றியப் படையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். உடைமையாளர் தரப்பிலிருந்து திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. வர்ஜீனியாதான் பிரிந்துபோய்விட்டதே, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லும் எங்கள் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கோட்டைத் தளபதி ஜெனரல் பட்லர் தர மறுத்துவிட்டார். செய்தி பரவி, பின்னாலேயே ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பிரகடனம் நடைமுறைக்கு வந்ததோ 1863 ஜனவரியில்!

எதை வேண்டுமானாலும் விவாதிக்கலாம் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். உள்நாட்டுப் போருக்கு அடிமைமுறைதான் காரணமா என்பதை நான் விவாதத்துக்கே விடுவதில்லை. ஓடிப்போன அடிமைகளை வட மாநிலங்கள் திருப்பித் தருவதில்லை என்று தென் கரோலினாவே 1860 டிசம்பரில் பிரிந்தபோது காரணமாக எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் என்ன விவாதம்?

மகளிடம் விடையைக் கேட்காமல், எந்த ஆவணத்தை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ஆவணமே தரவில்லை என்றால் உங்கள் சந்தேகம் நியாயம்தான், ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

ஆனால் அவர் நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் பள்ளியில் ஜெராக்ஸ் எடுக்க மாதாந்திர அளவு உண்டு. இப்படி நடத்தினால் பாதி மாதத்தில் தீர்ந்துவிடும், பேப்பர் கட்டைக் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறேன். மைதானத்துக்கு மட்டும் புது ஸ்கோர்போர்டு வந்துவிட்டது.