ஃபிரேம்வொர்க்கில் உள்ளீடு: டீஃபால்ட் எப்படி இருக்கலாம்?

கேள்வி: நிறுவனத்துக்குள் பயன்படுத்தச் சின்னதாக ஒரு ஃபிரேம்வொர்க் எழுதுகிறோம். ஃபார்மில் வரும் எல்லா ஃபீல்டையும் அப்படியே மாடலில் (டேட்டாபேஸ் பதிவைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்டில்) ஏற்றிவிடலாமா? கோடு குறையுமே.

பதில்: வேண்டாம். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க் முன்பு அப்படித்தான் இருந்தது. 2012 மார்ச்சில் ஒருவர் கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில், தன்னை அடையாளம் காட்டும் பப்ளிக் கீயைப் புதுப்பிக்கும் ஃபார்மோடு, அதில் இல்லாத ஒரு ஃபீல்டையும் சேர்த்து அனுப்பினார். அவருடைய கீ ரெயில்ஸ் திட்டத்தின் பெயரில் பதிவாகி, அந்த ரெப்போவிலேயே (திட்டத்தின் கோடு இருக்கும் கிடங்கிலேயே) எழுதும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது. இதைத் தடுக்கும் வசதி ரெயில்ஸில் அப்போதே இருந்தது. ஆனால் புரோகிராமர் ஞாபகமாகப் போய் எழுத வேண்டும். கிட்ஹப்பிலேயே அந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. 2013இல் வந்த ரெயில்ஸ் 4 இதைத் தலைகீழாக்கியது: பெயர் சொல்லி அனுமதித்த ஃபீல்டு மட்டுமே உள்ளே போகும். நீங்களும் அதையே வையுங்கள். கோடு நாலு வரி கூடினால் கூடட்டும்.

கேள்வி: அனுமதிக்காத ஃபீல்டு வந்தால்?

பதில்: டெவலப்மென்ட்டில் பிழை காட்டுங்கள். புரொடக்‌ஷனில் ஒதுக்கிவிட்டு லாகில் எழுதினால் போதும்.

கேள்வி: உள்ளே வரும்போதே எல்லாவற்றையும் எஸ்கேப் செய்துவிட்டால் (சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக்கிவிட்டால்) நிம்மதிதானே அண்ணா?

பதில்: பிஎச்பி அதைச் செய்து பார்த்த மொழி. மேஜிக் கோட்ஸ் என்று ஒன்று, வரும் மேற்கோள் குறிக்கெல்லாம் முன்னால் ஒரு பின்சாய்வைச் செருகும். டேட்டாபேஸுக்கே போகாத மின்னஞ்சலிலும் அந்தச் சாய்வு வந்து நிற்கும். 2012இல் பிஎச்பி 5.4 அதைத் தூக்கிவிட்டது. வந்ததை வந்தபடி சேமியுங்கள். டெம்ப்ளேட்டில் வெளியே போகும்போது எஸ்கேப், டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல்லுக்கு, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் பாராமீட்டர்.

கேள்வி: அளவுக்கு வரம்பு எவ்வளவு?

பதில்: எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க் ஜேசான் வடிவ டேட்டாவுக்கு 100 கேபி வைக்கிறது, பைத்தானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க், கோப்புகள் நீங்கலாக 2.5 எம்பி. ஃபீல்டு எண்ணிக்கைக்கு ஜாங்கோ, பிஎச்பி இரண்டிலுமே 1000. எண்ணைவிட, வரம்பு மீறினால் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஜாங்கோ 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பி அனுப்பிவிடும். பிஎச்பி ஒரு எச்சரிக்கையோடு மிச்சத்தை வெட்டிவிட்டுத் தொடரும். பெரிய மதிப்பெண் பட்டியலைச் சேமித்தால் பாதி மாணவர்கள் காணாமல் போவார்கள். ஜாங்கோ வழியே சரி.

கேள்வி: முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை நீக்கலாமா?

பதில்: தாராளமாக. பாஸ்வேர்டை மட்டும் தொடாதீர்கள். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்லும் அதை விட்டுவிடுகிறது.

கேள்வி: "தமிழ்" என்று பெயர் கொடுத்தால் எங்கள் பைத்தான் சோதனை தள்ளிவிடுகிறது. "மலர" போகிறது!

பதில்: ரெகெக்ஸில் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் விதியில்) பின்சாய்வு டபிள்யூ (\w) போட்டிருப்பீர்கள். பைத்தானில் அது உயிரெழுத்தையும் அகர மெய்யையும் ஏற்கும். புள்ளியையும் கால், கொம்பு போன்ற குறிகளையும் ஏற்காது. ஜாங்கோவின் பயனர்பெயர்ச் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. பெயருக்கு எழுத்துச் சோதனையே வைக்காதீர்கள். நீளமும் கட்டுப்பாட்டுக் குறிகளும் பார்த்தால் போதும். அப்புறம், சேமிக்கும் முன் யூனிகோடு என்எஃப்சிக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக எழுதும் வடிவத்துக்கு) மாற்றிவிடுங்கள். "கொ"வில் வரும் குறியை ஒரே குறியீடாகவும் அனுப்பலாம், கொம்பு தனி கால் தனியாகவும் அனுப்பலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடினால் சிக்காது.