கோடையில் பனி தேடிப் போகிறவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் படிக்கும் என் மகன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மலையுச்சியில் பனிச்சறுக்கு வீரர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்ததாகச் சொல்கிறான். அவர்கள் சரிவில் பாய்ந்து இறங்கவில்லையாம். கோல்களை ஊன்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்களாம். கோடையில் பனி ஏது? இது என்ன விளையாட்டு?
– வாசகி, காட்பாடி

பதில்: அவர் போயிருந்தது பெரும்பாலும் டாக்ஸ்டைன் மலையாக இருக்கும். 2,995 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் மேற்பகுதியில் பனியாறுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் விழும் பனி அங்கே கோடையிலும் முழுவதுமாகக் கரைவதில்லை. அடிவாரத்தில் உள்ள ராம்சாவ் என்ற ஊர் 1999இல் நார்டிக் பனிச்சறுக்கு (நெடுந்தூரச் சறுக்கும் பனித்தாவலும் அடங்கிய பிரிவு) உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்திய ஊர். அங்கிருந்து ரோப் கார் ஏறினால் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். இயந்திரத்தால் சீராக்கப்பட்ட பனித்தடங்கள் அங்கே வீரர்களுக்காகக் காத்திருக்கும்.

விளையாட்டின் பெயர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். மேடு, பள்ளம், சமதளம் என்று எது வந்தாலும் சொந்த உடல் பலத்தால் கடக்கும் நெடுந்தூர ஓட்டம் அது. போட்டிகள் குளிர்காலத்தில்தான் நடக்கும். ஆனால் பனியில் கால் வைக்காமலே ஆறேழு மாதம் கழிந்துவிட்டால் சறுக்கும்போது உடலைச் சமன் செய்யும் நுணுக்கம் மங்கிவிடும் என்பதால், பல நாட்டு அணிகள் நடுவில் ஓரிரு வாரம் இப்படி மலையேறுகின்றன.

கேள்வி: அத்தகைய முகாமில் ஒரு நாள் எப்படிக் கழியும்? காற்று குறைவான இடத்தில் பயிற்சி செய்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்கிறார்களே, அதற்காகத்தான் போகிறார்களா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. 2,700 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 72 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். ஆனால் சிவப்பணுக்கள் கூடுவதற்கு நாளொன்றுக்குப் பல மணி நேரம் வீதம், வாரக்கணக்கில் உயரத்திலேயே தங்க வேண்டும். ராம்சாவில் தங்கும் வீரர் காலையில் மேலே போய்ச் சில மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு 1,100 மீட்டருக்கு இறங்கிவிடுகிறார். நம் ஏலகிரியின் உயரமும் அவ்வளவுதான். அங்கே இரவு தூங்கி எழுந்ததால் யாருக்கும் ரத்தம் ஊறியதாகத் தெரியவில்லை. ஆகவே டாக்ஸ்டைனுக்குப் போவது முதன்மையாகப் பனிக்காகத்தான். உயரத்திலேயே தங்க விரும்பும் அணிகள் இத்தாலியில் 1,800 மீட்டரில் உள்ள லிவின்யோ போன்ற ஊர்களைத் தேர்ந்தெடுக்கின்றன.

இனி அன்றாடம். இரவுக் குளிரில் இறுகிய பனி விடியற்காலையில் கெட்டியாகவும் வேகமாகவும் இருக்கும். முற்பகல் வெயில் ஏற ஏற அது இளகிச் சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் முதல் ரோப் காரிலேயே மேலே போக எல்லோரும் முந்துவார்கள். கால்களைப் பக்கவாட்டில் உதைத்துப் போகும் ஸ்கேட்டிங் முறையில் சறுக்குபவருக்கு வேலை எளிது: காலில் மாட்டும் சறுக்குக் கட்டையின் அடிப்பகுதியில் வழுக்கும் மெழுகு பூசியிருந்தால் போதும். கிளாசிக் முறையில் இரண்டு கால்களும் இணையான தடங்களில் முன்னும் பின்னும் போகும். பின்னால் உதைக்கும் கணத்தில் கட்டையின் நடுப்பகுதி பனியைக் கவ்விப் பிடிக்க வேண்டும். உருகி உறைந்து மணல் போல் பருபருவென்று ஆன கோடைப் பனியில் சாதாரண மெழுகு நிற்காது. கிளிஸ்டர் என்றொரு பசையைக் குழாயிலிருந்து பிதுக்கிக் கட்டையில் தடவுகிறார்கள். பலாப்பழம் அரிந்த கையில் ஒட்டும் பால் போல அது கையுறை, சட்டை, பை என்று தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பயிற்சியின் பெரும்பகுதி மெதுவாகத்தான் நடக்கும். பயிற்சியாளர் காதுமடலில் சிறு ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதிலுள்ள லாக்டேட் (தசைகள் கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) அளவைக் கையடக்கக் கருவியில் பார்ப்பார். அளவு கூடியிருந்தால் உலகப் பட்டம் வென்றவராயிருந்தாலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவார். மூச்சு முட்ட ஓடுவதே பயிற்சி என்று நினைக்கும் நம் பள்ளி மைதானங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மாலையில் பள்ளத்தாக்கில் ரோலர் ஸ்கீ (சாலையில் ஓட்டச் சக்கரம் பொருத்திய சறுக்குக் கட்டை), ஓட்டம், எடைப் பயிற்சி ஆகியவற்றில் ஒன்று இருக்கும்.

கேள்வி: வேலூர் வெயிலையே தாங்கும் நமக்குப் பனிமலையில் கறுப்புக் கண்ணாடி எதற்கு?
– வாசகர், ஆரணி

பதில்: கட்டாயம் வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கிறது. மூக்கின் அடிப்பகுதியும் தாடையின் கீழ்ப்புறமும்கூட வெந்துபோகும். கண்ணாடியில்லாமல் நின்றால் அன்றிரவே கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி நீர் கொட்டும்.

கேள்வி: பனியாறுகள் எல்லாம் உருகிவருவதாகப் படிக்கிறோம். இந்த முகாம்கள் இன்னும் எத்தனை காலம் நடக்கும்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022ஆம் ஆண்டில் மட்டும் தம் கன அளவில் சுமார் 6 சதவீதத்தையும், அடுத்த ஆண்டில் 4 சதவீதத்தையும் இழந்தன. மற்ற ஆல்ப்ஸ் பகுதிகளின் நிலையும் மெச்சும்படி இல்லை. மாற்று ஏற்பாடுகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. ஜெர்மனியின் ஓபர்ஹோஃப் நகரில் 2009 முதல் உள்ளரங்கப் பனித்தடம் இயங்குகிறது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் குளிர்காலப் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடிக் கோடை முழுவதும் காத்து, இலையுதிர் காலத்தில் தடமாக விரிக்கிறார்கள். மின்சாரம் தின்னும் அரங்கத்தைவிட மரத்தூள் வழியே எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

கேள்வி: என் மாணவன் ஒருவன் 5,000 மீட்டர் ஓட்டத்தில் நன்றாக வருகிறான். இந்த விளையாட்டுக்கு அவனைத் திருப்ப முடியுமா? ஐரோப்பிய முகாமுக்கு அனுப்ப அவன் பெற்றோர் கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார்கள்.
– உடற்கல்வி ஆசிரியர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: திருப்பலாம், ஆனால் கடன் வாங்க வேண்டாம் என்று அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். பனியாற்று முகாம் என்பது ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர் நுணுக்கத்தைத் தீட்டிக்கொள்ளும் இடம். கட்டையில் நிற்கவே தெரியாதவன் அங்கே போனால், மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்து எழுவதிலேயே பணமும் நாளும் கரைந்துவிடும்.

தென்னாட்டவருக்கு இது எட்டாத துறையும் அல்ல. கர்நாடகத்தின் குடகுப் பகுதியைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா இந்தியாவுக்காகச் சர்வதேசப் போட்டிகளில் சறுக்கிவருகிறார். அவருக்கு முன்பே, 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜகதீஷ் சிங் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். எடை தூக்குதலில் இரு காமன்வெல்த் தங்கங்கள் வென்ற சதீஷ் சிவலிங்கத்தைத் தந்த உங்கள் சத்துவாச்சாரியில், மேல் உடலுக்கு வலுவேற்றச் சொல்லித்தர ஆள் கிடைக்காமலா போகும்? அதுதான் உங்கள் மாணவனுக்கு முதல் தேவை. ஓட்டக்காரர்களுக்குக் காலும் நெஞ்சும் தயாராக இருக்கும். கோல் ஊன்றித் தள்ளும் தோளும் முதுகும் வயிறும் தயாராக இருக்காது.

ஓராண்டு இங்கேயே வேலை வாங்குங்கள். வாரம் ஒரு நாள் ஏலகிரியின் சுவாமிமலைப் பாதையில் இரு கைகளிலும் கோல்களுடன் நீண்ட நடையேற்றம் செய்யட்டும். ஐரோப்பிய வீரர்களும் கோடையில் இதைச் செய்கிறார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சாலையில் மட்டும் ரோலர் ஸ்கீயை ஓட்ட விடாதீர்கள், ஏனெனில் பெரும்பாலான ரோலர் ஸ்கீகளில் பிரேக் கிடையாது. வாகனம் வராத சமதளச் சாலையில், தலைக்கவசத்துடன், காலை ஆறு மணிக்குள் முடித்துவிடட்டும். அந்த உபகரணம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது, தருவிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு நியாயமானது.

அதன்பின் சனவரி, பிப்ரவரியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க்குக்கு அனுப்புங்கள். பனிச்சறுக்கு கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனம் அங்கே இருக்கிறது. 2020இல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடப்பதும் அங்கேதான். இரண்டு குளிர்காலம் அப்படிப் பழகிய பிறகும் அவனுக்கு ஆசை தணியாமல் இருந்தால், டாக்ஸ்டைன் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.