பூனைத் தீனிக்கு கார்டு தேய்க்காதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். போன வருடம் காருக்கு அடியில் கிடந்த பெண் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தேன். "ஒரு தடவை குட்டி போடட்டும்" என்று மாமியார் சொன்னதால் கருத்தடை செய்யவில்லை. இதற்கிடையே அது புறாவைப் பார்த்துப் பாய்ந்து பால்கனியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டது. அறுவை சிகிச்சைக்கு 40,000 ரூபாய் கிரெடிட் கார்டில் போனது. மாதம் 2,300 குறைந்தபட்சத் தொகை தவறாமல் கட்டியும் பாக்கி 46,000-ஐத் தாண்டுகிறது. இப்போது வீட்டில் ஏழு வாரக் குட்டிகள் நான்கு. நாத்தனாரோ தன் மகள் பிறந்தநாளுக்கு 15,000 ரூபாய்க்கு பெர்ஷியன் குட்டி வாங்கித் தரச் சொல்கிறார், இ.எம்.ஐ.யில் கிடைக்குமாம். வருடம் 6,000 பிரீமியத்தில் செல்லப்பிராணி காப்பீடு எடுக்கலாமா? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்.ஐ.பி. தவணையும் போகிறது.

பதில்: சகோதரி, அடிபட்ட உயிரைக் காப்பாற்ற 40,000 செலவழித்ததில் தவறே இல்லை. அதை நினைத்து வருந்த வேண்டாம். மாதாமாதம் பூனைத் தீனி 2,500 ரூபாயையும் அதே கார்டில் வாங்குவதாகக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 46,000-க்கு வட்டி 1,610. அதன்மேல் ஜி.எஸ்.டி. 290. ஆக 1,900 வட்டிக்கே போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 2,300-ல் அசல் குறைவது வெறும் 400. அதே மாதம் 2,500-க்குத் தீனி வாங்குகிறீர்கள். கடன் 2,100 ஏறுகிறது. இன்னொன்று: பாக்கி வைத்திருக்கும் கார்டில் வட்டியில்லாத 45 நாள் எல்லாம் கிடையாது. தீனிப் பொட்டலம் வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

அதனால் கார்டை இன்றே பீரோவில் வையுங்கள். கைவசம் நகை இருந்தால் வங்கியில் 55,000-க்கு அடகு வையுங்கள். வருட வட்டி பத்து சதவீதம் என்று வைத்தாலும் முதல் மாத வட்டி 460-க்குள்தான். அதில் 46,000 கார்டுக்கு. 5,000 கருத்தடைக்கு. பால்கனி வலைக்கு உங்களிடம் சொன்ன விலை 4,000. நான்காயிரம் ரூபாய் வலை இல்லாமல்தான் நாற்பதாயிரம் போனது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஜன்னல்களுக்கும் சேர்த்து வலை போடுங்கள்.

எஸ்.ஐ.பி.யை ஒரு வருடம் நிறுத்துங்கள். ஏதோ புதிய தீம் ஃபண்டு (ஒரே துறை சார்ந்த பங்குகளில் பணம் போடும் ஃபண்டு) என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டின் வருடத்துக்கு 42 சதவீத வட்டியை ஈடுகட்டும் ஃபண்டு என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த 5,000, கார்டுக்குக் கட்டிய 2,300, மொத்தம் 7,300. தீனிக்கு 2,500 ரொக்கமாக எடுத்தது போக 4,800 நகைக்கடனுக்கு. ஏறக்குறைய ஒரு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். குட்டிகள் நல்ல வீடுகளுக்குப் போனபின் தீனிச் செலவு குறையும், இன்னும் சீக்கிரம் முடியும். அதற்காகப் பாலும் தயிர்சாதமும் போட்டுச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். பூனை இறைச்சி தின்னும் பிராணி; இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். காய்ச்சல், வலி என்று நம் பாரசிட்டமால் மாத்திரையையும் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு விஷம்.

கருத்தடை விஷயத்தில் மாமியாரிடம் பக்குவமாக, ஆனால் உறுதியாகப் பேசுங்கள். ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதில் உண்மை இல்லை. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால்குடி மறக்கும்வரை தாயை வெளியே விடாதீர்கள், மறந்ததும் அறுவைக்கு நாள் குறித்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. குட்டிகளுக்குத் தடுப்பூசி எப்போது தொடங்கலாம் என்று அங்கேயே கேளுங்கள்.

காப்பீடு இப்போது வேண்டாம். பாலிசியை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே உடைந்த கால், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை பெரும்பாலும் அதில் வராது. கடன் முடிந்ததும் அந்த பிரீமியப் பணத்தை மாதம் 500 என்று வங்கியில் ஒரு ஆர்.டி.யில் (மாதாந்திரச் சேமிப்பில்) போடுங்கள்.

அப்புறம் நாத்தனார். இ.எம்.ஐ.யில் பெர்ஷியன் கூடவே கூடாது. கடனுக்கு மேல் கடன் என்பது ஒரு காரணம். தட்டை மூக்கும் அடர்ந்த முடியும் உள்ள அந்தப் பூனைக்குச் சென்னை வெயில் பெரும்பாடு. தினமும் சீவ வேண்டும், கண்ணைத் துடைக்க வேண்டும். பரம்பரையாகச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் வாய்ப்பும் அந்த இனத்துக்கு உண்டு. பிறந்தநாள் முடிந்து ஒரு மாதத்தில் அந்த வேலை எல்லாம் யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். "அண்ணி, என் குட்டிகளில் இரண்டைத் தருகிறேன், சேர்ந்தே வளரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் ஆகட்டும். வலை போட்டிருக்க வேண்டும், ஊசியும் கருத்தடையும் அவர்கள் செலவு. சம்மதித்தால் கொடுங்கள். இனப் பூனைதான் வேண்டும் என்று நின்றால் கேக்குக்கு ஆகும் செலவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற குட்டிகளைக் கேட்டு வருபவர்களுக்கும் இதே நிபந்தனைதான். அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.