கண்ணோரத்தில் மின்னல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வயது 58. பத்து நாட்களாக, இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பும்போது வலது கண்ணின் வெளியோரத்தில் வில் போல ஒரு வெளிச்சம் வெட்டி மறைகிறது. வலி இல்லை. நேற்று முதல் நூலாம்படை போல ஏதோ மிதக்கிறது. கண்ணாடிக் கடையில் பார்த்துவிட்டு, பவர் மாறவில்லை என்றார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றோ நாளையோ கண் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணுக்குள் சுமார் 4 மி.லி. கூழ் நிறைந்திருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர்தான்; மெல்லிய புரத இழைகள் அதைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. வயதாக ஆக அது நீர்த்து, சுருங்கி, பின்னாலுள்ள விழித்திரையை விட்டு விலகும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் முன்னதாகவே வரும். விலகும்போது விழித்திரையை இழுக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது; இழுத்தாலும் மூளைக்கு அது ஒளியாகவே போய்ச் சேரும். பகல் வெளிச்சத்தில் எடுபடாத அந்தப் பொறி இருட்டில் பளிச்சென்று தெரிகிறது. கண்ணைச் சட்டென்று திருப்பும்போது கூழும் குலுங்குவதால் அப்போது அதிகம் வரும்.

பலருக்கு இது இதோடு முடிந்துவிடும். ஆனால் இப்படித் திடீரென்று மின்னலும் மிதவையும் வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, இழுத்த இடத்தில் விழித்திரை கிழிந்திருக்கும். கிழிசல் வழியே நீர் உள்ளே புகுந்தால், ஓதம் ஏறிய சுவரில் பூச்சு உப்பிக் கிளம்புவது போல விழித்திரை பிரிந்துவிடும். வெறும் விலகலா, கிழிசலா என்பதை மின்னலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மின்னல் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையவும் முடியாது.

பவர் பரிசோதனை நடுப்பார்வையை மட்டுமே அளக்கிறது. கிழிசலோ பெரும்பாலும் விழித்திரையின் விளிம்பில் இருக்கும். அதைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டு, 20 முதல் 30 நிமிடம் பொறுத்து, கண்ணின் பாவையை நன்றாக விரிக்க வேண்டும். பிறகு மருத்துவர் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்து, மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாத் திசையிலும் பார்க்கச் சொல்வார். இமை மேல் சிறு கம்பியால் அழுத்தவும் செய்வார். கூசும், கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், கெடுதல் இல்லை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் சொட்டு விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஆளை அழைத்துப் போங்கள்.

கிழிசல் இல்லை என்றாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும். விலகல் முழுதாக முடியும் வரை புதுக் கிழிசல் விழலாம். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான்.

கிழிசல் இருந்தால் அதைச் சுற்றி லேசரால் இரண்டு மூன்று வரிசை சுட்டு ஒட்டுவார்கள். மரத்துப்போகும் சொட்டு போதும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தத் தழும்பு கெட்டிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். லேசருக்குப் பிறகும் மின்னல் தொடரலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று பதற வேண்டாம். கூழின் இழுப்பை லேசர் நிறுத்துவதில்லை.

திடீரென்று கரித்தூள் கொட்டியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல நிழல் வந்தாலோ, அந்த நிமிடமே கிளம்புங்கள். விழித்திரையின் நடுப்பகுதி பிரிவதற்கு முன் அறுவை நடந்தால் பார்வை தப்பும் வாய்ப்பு மிக அதிகம்.

கேள்வி: 34 வயதுப் பெண் நான். மாதத்தில் ஓரிரு முறை, இடது கண்ணில் கோணல்மாணலாக ஒளிக்கோடு மினுமினுத்து, பெரிதாகிக்கொண்டே போய், அரை மணியில் மறைகிறது. சில சமயம் பிறகு தலை வலிக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி போல இருக்கிறது. இது மூளையில் பிறப்பது. அடுத்த முறை வரும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் அது கண்ணின் கோளாறு அல்ல. பார்வையின் இடப்பாதியில் தெரிவதை ‘இடது கண்ணில்’ என்று சொல்வது எல்லோருக்கும் வழக்கம். கிழிசலின் மின்னல் நொடியில் வெட்டி மறையும். இது நிமிடக் கணக்கில் நகர்ந்து வளரும்.

ஒரு கண்ணில் மட்டும்தான் என்று உறுதியானால் கண் மருத்துவரிடம் போங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இத்தகைய முன்னறிகுறி உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மினுமினுப்போடு பேச்சு குழறினாலோ கை, கால் தளர்ந்தாலோ தலைவலிதான் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: புரை அறுவைக்குப் பின், பக்கத்தில் விளக்கு எரிந்தால் ஓரத்தில் ஒளி வளையம் தெரிகிறது.

பதில்: உள்ளே வைத்த லென்ஸின் விளிம்பில் ஒளி பட்டுச் சிதறுவதாக இருக்கலாம். கையால் அந்த விளக்கை மறையுங்கள். வளையமும் மறைந்தால் காரணம் பெரும்பாலும் லென்ஸ்தான். நாளடைவில் பலருக்கு உறுத்தல் குறையும். கும்மிருட்டிலும் தெரிகிறதா? அப்படியானால் முதல் கேள்விக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும்தான்.

கேள்வி: இதயத்துக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து, இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் கண் முன் பளபளக்கிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: மாத்திரையின் பெயரைப் பாருங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின் என்றால் உண்டு. அது விழித்திரையிலும் வேலை செய்வதால், வெளிச்சம் சட்டென்று மாறும்போது இப்படிப் பளபளக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில் தொடங்கும், தானாகவே அடங்குவதும் உண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை இரவில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.