பசளைக் கணக்கை ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து போடுவது

கேள்வி: வன்னியில் உள்ள சிறு கமக்காரர்கள் கைபேசி வழியாக ஒன்றிணைந்து பசளைப் பாவனையைச் சீராக்க இயலுமா? அதற்கு எந்தச் செயலி ஏற்றது?

இயலும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்பவன் என்ற முறையில் சொல்கின்றேன்: செயலியைத் தேடுவதற்கு முன்னர், உங்கள் வயலுக்கு வரும் நீர் எவருடைய வயலைக் கடந்து வருகின்றது என்று பாருங்கள். எங்கள் வாய்க்காலில் மேல்வயலின் வரம்பு வழியாக இறங்கும் நீரே கீழ்வயலை நிறைக்கின்றது. நைதரசன் தரும் பசளையான யூரியா நீரில் எளிதிற் கரைவது. ஒருவர் காலையில் அதை வீசிவிட்டுப் போக, பிற்பகல் மழையில் வரம்பு வழிந்தால், அவர் கடன்பட்டு வாங்கிய நைதரசனின் ஒரு பங்கு அயல் வயலுக்கும், மிஞ்சியது கழிவு வாய்க்காலுக்கும் போய்விடும். ஒரு முறை கீழ்வயல்க்கார ஐயா என்னிடம், "தம்பி, நான் இன்னும் பசளை போடேல்லை, பயிர் கறுத்து நிக்குது, உங்கட வயல்த் தண்ணியோ?" என்று கேட்டார். நைதரசன் கிடைத்த பயிரே அப்படிக் கரும்பச்சையாக நிற்கும். அன்றுதான், தனியொருவர் தன் கைபேசியில் போடும் பசளைக் கணக்கு அரைக் கணக்கே என்பது எனக்கு விளங்கியது.

எங்கள் பகுதிக்கு ஒரு திட்டத்தின் வழியாகச் செயலி ஒன்று வந்தது. அது முதலில் கேட்டது நாற்று நட்ட நாளை. நாங்களோ விதைப்பவர்கள், அதிலும் மழைக்கு முன்னர் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பென்றால், விதை போட்ட நாளைவிட, மழை விழுந்து முளை கண்ட நாளே கணக்கின் தொடக்கம். நட்ட நாள் என்ற கட்டத்தில் விதைத்த நாளை இட்டவர்களுக்கு பயிர் வளரும்போது இடும் மேற்கட்டுப் பசளைக்கான அறிவித்தல் காலம் பிழைத்தே வந்தது. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவும் வழியிருக்கவில்லை. திட்டம் முடிந்ததும் செயலியும் நின்றது, நாங்கள் இரண்டு போகம் பதிந்த விபரங்களும் அதனோடு போயின. அந்த இழப்பு இன்றும் எனக்கு வருத்தமே.

அதன் பின்னர் ஒரே வாய்க்காலில் உள்ள பதினொரு குடும்பங்கள் சேர்ந்து, இணையத்தில் எல்லோரும் திறக்கக்கூடிய ஓர் அட்டவணையைத் தொடங்கினோம். நெல்லினம், முளை கண்ட நாள், இட்ட பசளையும் அளவும், நீர் திறந்த நாள், கடைசியில் ஏக்கருக்கு எத்தனை மூடை என்பனவே அதன் நிரல்கள். எழுத விரும்பாத மூத்தவர்கள் வாட்ஸ்அப்பில் குரற்பதிவு அனுப்புகின்றார்கள், பிள்ளைகளில் ஒருவர் அதைப் பதிகின்றார். ஒருவர் யூரியா இடப்போகும் நாளை முதல்நாளே அறிவித்தால், மேல்வயல்க்காரர் தன் நீரை மறித்துக் கொள்வார். கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெருமழை எதிர்பார்க்கப்படுமாயின் எல்லோருமாக இரண்டொரு நாள் பிற்போடுவோம்.

இலையின் பச்சையை ஒப்பிட்டு நைதரசன் தேவையை அறிய உதவும் இலை நிற அட்டையையும் சேர்த்துக்கொண்டோம். முழுதாக விரிந்த மேல் இலையை, உடலின் நிழலில் பிடித்து, பத்துப் பயிர்களில் அட்டையுடன் ஒப்பிட்ட பின்னரே யூரியா தேவையா என்று முடிவெடுக்கின்றோம். படம் எடுத்து அனுப்புபவர் இலையையும் அட்டையையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். ஏனெனில் ஒரே இலை இரண்டு கைபேசிகளில் இரண்டு பச்சையாகத் தெரிகின்றது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு என்பதை நினைத்தால், தேவையற்ற அரை மூடை எவ்வளவு பெரிய விரயம் என்பது விளங்கும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை நீங்கும் வரையிலும், அதற்குப் பின்னர் விலை ஏறிய காலத்திலும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தின் பெரும்பங்கு மணியில் அன்றி வைக்கோலிலேயே தங்குகின்றது. ஒரு தொன் வைக்கோலை வயலிலேயே பரப்பி மண்ணோடு மடித்து உழுதால், எம்.ஓ.பி. என்ற பொற்றாசியப் பசளையின் அரை மூடையில் உள்ள அளவு பொற்றாசியம் ஏறத்தாழ மண்ணுக்குத் திரும்புகின்றது. அதனால் யாரிடம் வைக்கோல் மிஞ்சுகின்றது, யாரிடம் மாட்டுப்பட்டி உண்டு, யார் எருவுக்காகத் தம் வயலில் மாட்டுப்பட்டி அடைக்க விரும்புகின்றார் என்பதற்கும் அட்டவணையில் இடம் ஒதுக்கினோம். எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுவே. ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையின் அளவை மட்டும் மண் பரிசோதனை இல்லாமல் முடிவு செய்யாதீர்கள். பொசுபரசு மண்ணில் மெதுவாகவே மாறுவதால், ஒரு முறை செய்த பரிசோதனையைச் சில போகங்களுக்குப் பயன்படுத்தலாம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு செயலியின் பெயரை நான் தரப்போவதில்லை. எந்தச் செயலி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: விதைப்பு வயலை அது அறியுமா, எங்கள் பதிவுகளை நாங்களே பிரதி எடுத்து வைத்திருக்க முடியுமா, பிழையைத் திருத்தச் சொல்ல ஆள் உண்டா. ஐயம் எழுந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தை அழையுங்கள், அல்லது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அட்டவணைக்குள் சேர்த்துவிடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கின்றது. சில போகப் பதிவுகளோடு கமக்காரர் அமைப்பாகச் சென்று கேட்டால், அங்குள்ளவர்களும் உங்கள் வாய்க்காலை வைத்தே பதில் சொல்ல முடியும்.