நீட் தேர்வுக்குப் படிக்கும் மகனும் கைப்பேசியும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களோடு நீட் தேர்வுக்கும் தயாராகிவரும் தங்கள் மகன், புத்தகத்தைத் திறந்த சில நிமிடங்களிலேயே கைப்பேசியை எடுத்துவிடுகிறான் என்றும், அதை வாங்கி பீரோவில் பூட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பூட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்சி மையத்தின் வினாத்தாள்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, இயற்பியல் விளக்கங்களை அவன் யூடியூபில் பார்க்கிறான் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரணத்தைச் சொல்லி அவன் மறுநாளே கைப்பேசியைத் திரும்பப் பெற்றுவிட்டால், அடுத்த முறை தாங்கள் சொல்வதற்கு வீட்டில் மதிப்பிருக்காது. முதலில் மாற்ற வேண்டியது கைப்பேசி இருக்கும் இடத்தை.

ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியை ஒலியின்றி மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த மாணவர்களைவிட, அதை வேறு அறையில் விட்டுவந்த மாணவர்கள் நினைவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்திருந்தனர். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், எழுந்து நடந்து சென்று எடுக்க வேண்டிய பொருளைக் கை தானாகத் தேடாது என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. ஆகவே சார்ஜரைப் படிக்கும் அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள். இரவிலும் கைப்பேசி அங்கேயே இருக்கட்டும். அதிகாலையில் எழுப்ப ஓர் அலாரக் கடிகாரமும், படிக்கும் அறைக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிவிட்டால் நேரம் பார்க்கக் கைப்பேசி வேண்டும் என்ற தேவை இல்லாமல் போகும். நீட் தேர்வு அறைக்குள் கைக்கடிகாரமோ கணிப்பானோ கொண்டுசெல்ல முடியாது என்பதால், சுவரைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவதும் கையால் கணக்குப் போடுவதும் அவனுக்குத் தேர்வுப் பயிற்சியாகவே அமையும்.

அத்தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, 180 கேள்விகளுக்கு 180 நிமிடங்கள் என்ற அளவில் நடக்கிறது. வீட்டில் ஒரு மணி நேரம்கூடக் கவனம் சிதறாமல் உட்கார்ந்து பழகாத மாணவனுக்கு, பாடம் தெரிந்திருந்தும் மூன்றாவது மணி நேரம் கடினமாகிவிடுகிறது என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. முதல் வாரத்தில் 45 நிமிடம் போதும். பிறகு படிப்படியாகக் கூட்டி, விடுமுறை நாள்களில் அதே பிற்பகல் நேரத்தில் முழு மாதிரித் தேர்வை எழுதச் செய்யுங்கள்.

செயலிகளைத் தடுக்கும் வசதிகள் இதற்குத் துணை மட்டுமே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் மூலம் ஒவ்வொரு செயலிக்கும் நேர வரம்பு வைக்கலாம். ஆனால் வைத்தவனே அதை நொடியில் நீக்கிவிடவும் முடியும். ஐபோனின் ஸ்கிரீன் டைம் வசதியில் கடவுக்குறியீட்டை அவன் அம்மாவோ அக்காவோ அமைத்தால் அந்தத் தடை ஓரளவு நிற்கும். எதைச் செய்தாலும் அவனுக்குத் தெரிவித்து, அவன் ஒப்புதலோடு செய்யுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு மறைவாகப் போடும் கட்டுப்பாடு நண்பனின் கைப்பேசியைத்தான் தேட வைக்கும். இன்ஸ்டாகிராமை நீக்கிவிட்டு, வேண்டும்போது உலாவியில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து பார்க்கட்டும் என்று அவனுடன் பேசி முடிவெடுத்தால், அந்தச் சிறு சிரமமே பல முறை அவனைத் தடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் வினாத்தாள்களை வாரம் ஒருமுறை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுங்கள். யூடியூப் பாடங்களைக் கூடத்தில் உள்ள தொலைக்காட்சியிலோ மடிக்கணினியிலோ, முன்பே குறித்துவைத்த நேரத்தில் பார்க்கட்டும்.

அவன் படிக்கும் நேரத்தில் தாங்களும் கைப்பேசியைக் கூடத்துச் சார்ஜரின் அருகிலேயே வைத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். தந்தை ரீல்ஸ் பார்க்கும் ஓசை கேட்கும் வீட்டில் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிலைக்காது.

இவற்றுக்கிடையே, நீட் விண்ணப்பத்தில் பதிவு செய்த கைப்பேசி எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் துண்டித்துவிடாதீர்கள். ஓடிபி உள்ளிட்ட தகவல்கள் அந்த எண்ணுக்கே வரும் என்பதால், மருத்துவக் கலந்தாய்வு முடியும்வரை அந்த சிம் தங்கள் கைப்பேசியில் இருக்கட்டும்.